சொந்தக் காரணங்களால்

ஏழாவது கடிதத்தில் மகளின் பெயரை அடிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் சங்கரவடிவின் விரல்கள் நின்றுவிட்டன. இதற்குமுன் நின்றதில்லை. பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்த நாளிலிருந்து அந்த விரல்கள் அவளைக் கேட்டுக்கொண்டு ஓடியதில்லை. கண் பார்த்ததை அவை பாட்டுக்கு அடித்துக்கொண்டு போகும், மனசு வீட்டில் கேஸை மூடினோமா, மாடியில் காயப்போட்ட வற்றலை யார் எடுப்பது என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு வரும், வந்து பார்த்தால் பக்கம் முடிந்திருக்கும். காலை ஒன்பதே முக்காலிலிருந்து ஆறு கடிதங்களை அப்படித்தான் அடித்திருந்தாள். பெறுநர் தலைமையாசிரியை அவர்கள், அம்மா, தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்து வரும் என் மகளுக்குச் சொந்தக் காரணங்களால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு, அதற்குக் கீழே கையெழுத்துக்கு நாலு விரற்கடை இடம். பதினோரு மணிக்கு ஏழு பேரின் அப்பாவோ அம்மாவோ வருவார்கள், ஹெச்.எம். அறைக்குள் ஒவ்வொருவராகப் போவார்கள், வெளியே வரும்போது அந்தக் காலி இடத்தில் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ விழுந்திருக்கும். சாயந்திரம் ஐந்து மணிக்குள் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலை ஆன்லைனில் முடித்து அனுப்ப வேண்டும், அப்போது நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள் நூற்றைந்து ஆகியிருப்பார்கள். அரையாண்டில் மூன்று பாடமும் அதற்கு மேலும் தவறிய ஏழு பேர். மேசையில் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே ஹெச்.எம். ரெங்கநாயகி மேடத்தின் சாய்ந்த கையெழுத்தில் ஏழு பெயரும் இருந்தன, ஏழாவதாக செ. அங்காளீஸ்வரி, பத்து சி. அடி வடிவு, அடிச்சுத் தொலை, ஒரு பெயர்தானே. கம்ப்யூட்டர் திரையில் 'அ' மட்டும் விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் கர்சர் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. மேசைக்கடியில் யு.பி.எஸ். உறுமிக்கொண்டே இருந்தது, அந்த உறுமல் ஒரு ஓரமாகத் தொண்டைக்குள்ளும் இருப்பதுபோல இருந்தது அவளுக்கு. இந்தப் பிள்ளையை ஏன் எனக்குத் தெரிந்திருக்கிறது? மற்ற ஆறு பேரும் பெயர்கள், வரிசை எண்கள், இவள் மட்டும் தினமும் காலையில் ஒன்பதே காலுக்கு மூச்சு வாங்க இந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவள், தாமதமாக வருகிறவர்களின் நோட்டு இந்த மேசையில்தான் இருக்கிறது, அதில் பக்கத்துக்கு ஐந்து கையெழுத்து அவளுடையது. காரணம் என்ற கட்டத்தில் முதலில் பஸ் லேட் என்று எழுதினாள், அப்புறம் பஸ் லேட், பஸ் லேட், ஒருநாள் 'தார் சுத்தினேன்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சத்திரப்பட்டியில் அவள் அம்மா பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிறாள், மகள் விடியக்காலையிலிருந்து தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். அதைப் பொய்யாகவே எழுதியிருக்கலாமே பிள்ளை, பஸ் லேட் என்றே இருந்திருக்கலாமே. உண்மையை எழுதிவிட்டு ஒருத்தி முகத்தைப் பார்த்தால் பார்க்கப்பட்டவள் என்ன செய்வாள். வடிவு அன்று, போ, முதல் பீரியடு ஆரம்பிச்சாச்சு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சொந்தக் காரணங்களால். யாருடைய சொந்தம்? நாலு வருஷமாக அடிக்கிறாள் இந்த வார்த்தையை, முதல் வருஷம் ஐந்து, அடுத்த வருஷம் எட்டு, அப்புறம் நாலு, போன வருஷம் ஆறு, ஆக இருபத்துமூன்று பிள்ளைகள், இன்றைக்கு ஆறு அடித்தாகிவிட்டது, இருபத்தொன்பது. கேட்டின் மேல் பெரிய ஃப்ளெக்ஸ் தொங்குகிறது, தொடர்ந்து நான்காம் ஆண்டாக நூறு சதவீதம், அதில் தாளாளர் கைகூப்பி நிற்கிறார், பக்கத்தில் பள்ளியிலேயே கூடுதல் மார்க் வாங்கின பிள்ளைகள் வட்ட வட்டமாகச் சிரிக்கிறார்கள். அந்த நூறு இந்த ஜன்னலுக்குள்ளே, இந்த நாற்காலியில் உட்கார்ந்து அடித்த நூறு. பாடம் நடத்தினவர்கள் அல்ல, நான் கொண்டு வந்த நூறு அது, எனக்கல்லவா மாலை போட்டிருக்க வேண்டும் என்று ஒருமுறை நினைத்துச் சிரித்திருக்கிறாள். பெற்றோர் கேட்கிறார்கள், பள்ளி கொடுக்கிறது, அப்படித்தான் காகிதம் சொல்லும். டி.சி. கொடுத்ததும் கல்வித்துறையின் வலைத்தளத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை இந்தப் பள்ளியிலிருந்து எடுத்துப் பொதுவில் போட வேண்டும், காமன் பூல் என்று அதற்குப் பெயர், வேறு பள்ளி வந்து எடுத்துக்கொள்ளும்வரை பெயர் அங்கே கிடக்கும். பரீட்சைக்கு மூன்று மாசம் இருக்கும்போது எந்தப் பள்ளி வந்து எடுக்கும்? அந்த பட்டனை அழுத்துகிறதும் இதே விரல்தான். போன வைகாசியில் தங்கச்சி மகள் சடங்குக்கு ரவிக்கைத் துணி எடுக்கக் காந்தி சிலைப் பக்கம் இருக்கிற ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாள், கவுண்டருக்குப் பின்னால் நீலக்கோட்டு போட்ட ஒரு பிள்ளை, வணக்கம் மேடம் என்றது, பளிச்சென்று சிரித்தது, யாரென்று பிடிபடவில்லை. 'நான் சுந்தரவள்ளி மேடம், டென்த் ஏ, போன வருஷம்.' ஓ, என்றாள் வடிவு. துணியை உதறி விரித்துக் காட்டிக்கொண்டே, அளவுகோலை வைத்து ஒரு மீட்டர் அளந்துகொண்டே, அந்தப் பிள்ளை கேட்டது: 'எப்ப மேடம் கூப்பிடுவீங்க? அடுத்த வருஷம் பரீட்சைக்குப் பேர் குடுப்போம், அப்ப கூப்பிட்டு விடுறோம்னு ஹெச்.எம். மேடம் அம்மாட்ட சொன்னாங்களே, புக்கெல்லாம் வச்சிருக்கேன் மேடம்.' அது கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்டது, கத்தரி துணியில் ஓடுகிற சத்தம் நடுவில், கூப்பிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு. 'சொல்றேம்மா' என்று வடிவு சொன்னாள், பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள், அந்தத் துணி பீரோவில் மடித்தபடியே இருக்கிறது, தைக்கக் கொடுக்கவில்லை, சடங்குக்குப் பழைய ரவிக்கையையே போட்டுக்கொண்டு போனாள். புக்கெல்லாம் வச்சிருக்கேன் மேடம். அப்புறம் அந்தக் கடை இருக்கிற தெரு வழியாகவே அவள் போவதில்லை, பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிக்கொண்டு போகிறாள், நாற்பத்தேழு வயசுப் பொம்பளை ஒரு பதினாறு வயசுப் பிள்ளைக்குப் பயந்துகொண்டு.

'காபி ஆறிடும் தாயி' என்று முப்பிடாதி டம்ளரை மேசையில் வைத்தார். பள்ளியில் அலுவலகம் என்றால் வடிவும் அவரும்தான், அவள் இளநிலை உதவியாளர், அவர் அலுவலக உதவியாளர், மணி அடிப்பதிலிருந்து தபால் கொண்டுபோவதுவரை அவர் வேலை, இன்னும் ஒன்றரை வருஷத்தில் ஓய்வு. 'மேடம் லெட்டர் ரெடியான்னு கேட்டாங்க. ரெண்டு பேர் இப்பவே வந்து வராந்தாவுல உக்காந்திருக்காக.' அவர் திரையைக் குனிந்து பார்த்தார், ஒற்றை 'அ'வைப் பார்த்தார். 'என்ன, கம்ப்யூட்டர் நின்னுபோச்சா?' 'இல்லண்ணே.' 'உடம்பு சரியில்லையா?' 'நல்லாத்தான் இருக்கேன்.' அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். 'ஒண்ணு சொல்றேன் தாயி, தப்பா நினைக்காத. நூலகத்துல இருந்தாரே அலெக்சு, அவரு என்ன ஆனாருன்னு உனக்குத் தெரியும்.' தெரியும். புத்தகமே வராமல் புத்தகம் வந்ததாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர், வேறு ஏதோ காரணம் காட்டி எட்டு மாசம் சஸ்பென்ஷனில் வைத்தார்கள், திரும்பி வந்தபோது அந்த மனுஷனின் நடை மாறியிருந்தது, சுவரை ஒட்டியே நடந்தார். இன்னும் பதிமூன்று வருஷம் சர்வீஸ். மகள் நர்மதா மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரர் மாரிச்சாமி பேட்டரிக் கடையில் ஆசிட் வாடையோடு உட்கார்ந்திருப்பார், இதைச் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசிக்கவே வேண்டாம், குரல் தானாகக் கேட்கிறது, ஊர்ல உள்ள பிள்ளைக்கெல்லாம் நீதான் அம்மாவா, சொன்னதை அடிச்சுக் குடுத்திட்டு வர வேண்டியதுதானே, உனக்கா கெட்ட பேரு. எனக்குத்தான். காபியில் ஆடை படிந்துவிட்டது. ஆடையை விரலால் எடுத்து ஓரத்தில் அப்பிவிட்டு ஒரு வாய் குடித்தாள், இனிப்பு அதிகம், இந்த இனிப்பு எப்போதோ ஒருநாள் நாக்கில் இருந்தது, எப்போது, தன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, ஆமாம், பக்கத்து வீட்டு மல்லிகா பாஸாகி அவள் அம்மா கொடுத்த ஜீனி. பேப்பரில் நம்பர் நம்பராகப் போட்டிருந்தான், இவள் நம்பர் இல்லை, முன்னதும் இருந்தது, பின்னதும் இருந்தது, நடுவில் இவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கமா. அப்பா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கணக்கில் இருபத்தொன்பது. மற்ற நாலு பாடத்திலும் பாஸ். இந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது அது, பணிப்பதிவேட்டுக்குள்ளே மார்க் ஷீட் நகல் இருக்கிறது, மாதம் என்ற இடத்தில் அக்டோபர் என்று இருக்கும், யாரும் பார்த்ததில்லை, பார்த்துவிடுவார்களோ என்று பத்தொன்பது வருஷம் பயந்திருக்கிறாள். அக்டோபரில் ஒரே ஒரு பேப்பர் எழுதினாள், நாற்பத்தொன்று வாங்கினாள். எழுத முடிந்தது. ஏனென்றால் மார்ச்சில் அவளை எழுதவிட்டார்கள். அவளுடைய பள்ளியில் அப்போது யாரும் அவள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து உம் மகள் தேறமாட்டாள் என்று காகிதம் நீட்டவில்லை, தோற்பதற்கு அவளுக்கென்று ஒரு நம்பர் கொடுத்தார்கள், அந்த நம்பரில் அவள் தோற்றாள், அந்த நம்பரோடு ஒரு மார்க் ஷீட் வந்தது, நாலு பாடம் உனக்கு, ஒன்று பாக்கி என்று. தோற்றவளுக்குக் கையில் ஒரு காகிதம் இருந்தது. சுந்தரவள்ளி கையில் என்ன இருக்கிறது? அளவுகோல். இதுதான் விரல் நின்றதற்குக் காரணமோ, இல்லை, இதுவும் இல்லை, காரணம் கேட்டால் காரணக் கட்டத்தில் எதை எழுதுவது, எழுதினால் ஒருத்தி முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவள் பேக்ஸ்பேஸை அழுத்தினாள். 'அ' போனது. பிறகு அழுத்திய விரலை எடுக்கவில்லை, என் மகள் போனாள், பத்தாம் வகுப்பு போனது, பெறுநர் போனார், அனுப்புநர் போனார், பக்கம் வெள்ளையானது. பிரிண்டரில் கிடந்த ஆறு தாளையும் எடுத்தாள், சூடு இன்னும் இருந்தது, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பார்த்துக்கொண்டே நின்ற முப்பிடாதி மிச்சக் காபியோடு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

ஹெச்.எம். அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மார்கழிக் காலையிலும் ரெங்கநாயகி மேடத்துக்கு வியர்க்கும், பிரஷர் மாத்திரைப் பட்டை மேசைக் கண்ணாடிமேல் கிடந்தது. 'கொண்டா வடிவு' என்று கையை நீட்டினார், நிமிரவில்லை. 'நான் அடிக்கல மேடம்.' 'இன்னும் அடிக்கலையா? மணி பத்தே முக்கால்.' 'அடிக்க மாட்டேன் மேடம்.' சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. இப்படித்தான் இருக்குமா அது? நாலு வருஷமாகக் குளியலறையில், பஸ்ஸில், அடுப்படியில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், சட்டம் பேசுவதுபோல, அழுவதுபோல, மேசையைத் தட்டுவதுபோல, கடைசியில் மூன்று சொல்லாக, உப்பில்லாமல், தானாக விழுந்துவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று பார்த்தாள், திட்டவில்லை. 'உக்காரு' என்றார். உட்கார்ந்தால் போச்சு என்று தோன்றியது, இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள், அவள் நின்றாள். 'எனக்கு மட்டும் ஆசையா வடிவு? நான் வந்த வருஷம் தொண்ணூத்தெட்டு பர்சன்ட். நிர்வாகக் கூட்டத்துல அத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, என்னை மட்டும் எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் கேட்டாங்க, ஒரு மணி நேரம். கால் வீங்கிப்போச்சு. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க ஃபெயிலானதுக்கு அம்பத்தஞ்சு வயசுல நான் நின்னேன்.' அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம், இந்த அம்மாள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம், மழைக்காலத்தில் விடுதிப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலிருந்து ரசம் வைத்துக் கொண்டுவந்த கை இது. இரக்கம் வந்து நெஞ்சில் உட்காரப் பார்த்தது, கூடவே வேறு ஒன்றும் வந்தது, ஒருத்தி நின்றாள் என்பதற்காக இருபத்துமூன்று பேரை வெளியே அனுப்ப வேண்டுமா, நீங்கள் அன்றைக்கே நின்றபடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம், நானும்தான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'ஃபெயிலாகட்டும் மேடம்' என்றாள். 'என்னது?' 'எழுதி ஃபெயிலாகட்டும். ரெண்டு பாடம் தேறினாக்கூட அது அவங்களுது. ஜூலையில மிச்சத்தை எழுதுவாங்க.' 'தத்துவம் பேசுறியா? நிர்வாகத்துக்கு யார் பதில் சொல்றது?' 'நானும் டென்த்துல ஃபெயில் மேடம்' என்று வடிவின் வாயிலிருந்து வந்துவிட்டது, பத்தொன்பது வருஷம் மறைத்தது, கைதவறிக் கீழே விழுந்ததுபோல. மேடம் அவளைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் ஏதாவது நடந்துவிடும்போல இருந்தது. பிறகு கண்ணாடி திரும்பவும் மூக்கில் ஏறியது. 'சரி, நீ அடிக்க வேண்டாம். அவங்களே கையால எழுதட்டும்.' மணியைத் தட்டினார். 'முப்பிடாதி, வெள்ளைத்தாள் ஏழு எடுத்திட்டுப் போயி ஆளுக்கொண்ணு குடுங்க, நான் வந்து சொல்றேன்.'

அவ்வளவுதான். விரல் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தவள் எவ்வளவு மடச்சி. அவள் அடிக்காவிட்டால் வெள்ளைத்தாள் இருக்கிறது, தாள் இல்லாவிட்டால் வாய்ச்சொல் இருக்கிறது, என் கை சுத்தம் என்று நாளைக்கு அவள் நிம்மதியாக இட்லி சாப்பிடலாம், ஏழு பிள்ளைகளும் போயிருப்பார்கள். கை சுத்தமாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவள் தன் இடத்துக்கு வந்து நின்றாள், உட்கார முடியவில்லை. ஜன்னல் வழியாக வராந்தா பெஞ்சு தெரிந்தது. ஏழு பேரும் வந்துவிட்டிருந்தார்கள், ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள், யாரும் சாய்ந்து உட்காரவில்லை, எல்லாரும் பெஞ்சின் விளிம்பில், யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளத் தயாராக. கடைசியில் இருந்த பெண்ணின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது, பாதி ஷிஃப்டில் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறாள், அதுதான் சீனியம்மாளாக இருக்க வேண்டும், அங்காளீஸ்வரியின் அம்மா. முப்பிடாதி தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஏழு தாளை எண்ண அவருக்கு இவ்வளவு நேரம் ஆகாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார், ஜன்னல் பக்கம் பார்க்காமலே எண்ணினார். அவர் எனக்காக எண்ணுகிறார். ஒன்றரை வருஷத்தில் ஓய்வு பெறப்போகிற மனுஷன், அலெக்சைப் பற்றிச் சொல்லிப் பயமுறுத்தினவர், ஏழு தாளை மூன்றாம் முறையாக எண்ணுகிறார். கதவுக்கும் பெஞ்சுக்கும் பத்தடி இருக்கும். போனால் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, எல்லாருக்கும் வணக்கம் என்றா, கட்சிக் கூட்டமா இது, மெமோ வரும், சஸ்பென்ஷன் வரும், சுவரை ஒட்டி நடக்க வேண்டிவரும், நர்மதா போனில் ஏம்மா என்பாள், ஏம்மா இப்படிச் செஞ்ச என்று கேட்பாளா, ஏம்மா இவ்வளவு நாள் செய்யல என்று கேட்பாளா, இரண்டாவதைக் கேட்டால் என்ன சொல்வது. செருப்பு எங்கே? மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்தாள், காலால் துழாவினாள், ஒன்று கிடைத்தது, ஒன்று யு.பி.எஸ். பின்னால் போய்விட்டது. இருக்கட்டும். கிடைத்ததையும் உதறிவிட்டு வெறுங்காலோடு வெளியே வந்தாள், சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது, அந்தச் சில்லிப்பு உள்ளங்காலிலிருந்து ஏறி நேராகத் தலைக்குப் போனது, தெளிவாக இருந்தது.

'எல்லாரும் கொஞ்சம் கேளுங்க' என்றாள். ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். 'உக்காருங்க, உக்காருங்க. உங்க பிள்ளைகளுக்கு டி.சி. வேணும்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லப்போறாங்க. போட வேண்டாம்.' ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். 'நீங்களா கேக்காம உங்க பிள்ளையை இப்ப யாரும் வெளிய அனுப்ப முடியாது. அதனாலதான் உங்க கையெழுத்து வேணும்கிறாங்க.' வேட்டி கட்டிய ஒருவர், அவர் மகள் பெயர் பட்டியலில் இரண்டாவது, தயங்கிக் கேட்டார்: 'அடுத்த வருசம் எழுதலாம்னு போன்ல சொன்னாங்களே டீச்சர்.' 'போன வருஷமும் அப்படித்தான் சொன்னாங்க. அந்த ஆறு பேருல ஒருத்தரையும் கூப்பிடலை. எனக்குத் தெரியும், அந்த லெட்டரை அடிச்சவ நான்.' சொல்லிவிட்டாள். வெயில் வராந்தாவின் பாதிவரை வந்திருந்தது, அதற்குள் தூசி மிதந்தது. 'ஃபெயிலாப் போனா?' என்று ஒரு அம்மா கேட்டாள், மெதுவாக, அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. 'போகட்டும். பாஸான பாடம் அப்படியே இருக்கும், போன பாடத்தை மட்டும் ஜூலையில திரும்ப எழுதலாம். நான் அப்படித்தான் எழுதினேன். கணக்குல இருபத்தொம்பது மார்க்கு. இப்ப இந்த ஆபீஸ்ல இருக்கேன்.' ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஹெச்.எம். அறைக் கதவு திறந்துவிட்டது. 'வடிவு!' அந்தக் குரலுக்கு ஏழு பேரும் மறுபடி எழுந்தார்கள், வடிவு பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். 'உள்ள போ.' வடிவு போகவில்லை. 'என்ன பண்றேன்னு தெரியுதா உனக்கு?' 'தெரியுது மேடம்.' மேடம் பெற்றோர் பக்கம் திரும்பி, அவர்களை உட்காரவைத்துக் குரலைத் தணித்துக்கொண்டார், பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்றார், ஃபெயில் என்று வந்துவிட்டால் பிள்ளைகள் மனசு உடைந்து ஏதாவது செய்துகொண்டால் யார் பொறுப்பு என்றார். அந்தக் கேள்வி ஏழு பேர் நெஞ்சிலும் கல்லாக விழுந்ததை வடிவு பார்த்தாள், அவள் நெஞ்சிலும் விழுந்தது. வேட்டி கட்டியவர் எழுந்தார், யாரையும் பார்க்காமல் முப்பிடாதியிடம் ஒரு தாளை வாங்கினார், பெஞ்சில் வைத்துக் குனிந்து எழுதத் தொடங்கினார். 'அண்ணாச்சி' என்றாள் வடிவு. 'எனக்கு ஒரே பிள்ளை டீச்சர்' என்றார் அவர். வடிவு அவருடைய பேனா ஓடுவதைப் பார்த்தாள், போச்சு, ஒவ்வொருவராகப் போவார்கள், இப்படித்தான் முடியும் என்று நினைத்தாள். அப்போது பஞ்சுத் தலையோடு இருந்த சீனியம்மாள் ஹெச்.எம்.மைப் பார்த்து நேராகக் கேட்டாள்: 'ஏன் டீச்சர், எம்பிள்ளை விடிய விடியத் தார் சுத்திட்டு இங்க ஓடியாருது. படிக்க முடியலன்னு ஒருநாள் அழுதிருக்கா, பள்ளிக்கூடம் வேண்டாம்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவ சொல்லாததை நான் எப்படி எழுதிக் குடுக்க?' ஹெச்.எம். ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'பரீட்சை எழுதட்டும் டீச்சர். வந்தா வருது, வராட்டிப் போவுது. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு.' சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சீனியம்மாள் படியிறங்கினாள். பிறகு நீலச்சேலைக்காரி ஒருத்தி எழுந்து, 'அப்ப நாங்களும் வாரோம்' என்று யாரிடமோ சொன்னாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். போகும்போது யாரும் வடிவுக்கு நன்றி சொல்லவில்லை, ஒருத்தி மட்டும் அவளுடைய வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பிடாதி கையில் ஆறு தாள் மிச்சம் இருந்தது.

மெமோ பன்னிரண்டரை மணிக்கு வந்தது. பள்ளியில் எந்த மெமோவாக இருந்தாலும் அடிக்கிறவள் வடிவு என்பதால் இதை மேடமே கையால் எழுத வேண்டியிருந்தது, இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல். தாளாளரிடம் போனில் பேசிவிட்டு எழுதியிருக்கிறார், வாசகங்கள் அவருடையவை அல்ல. தலைமையாசிரியையின் உத்தரவுப்படி தட்டச்சு செய்ய மறுத்தது, பெற்றோர் முன்னிலையில் நிர்வாகத்துக்கு விரோதமாகப் பேசியது, ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம். அவள் இரண்டுமுறை படித்தாள். வாசிக்க வாசிக்கப் பயம் வரும் என்று காத்திருந்தாள், வந்தது, ஆனால் அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது, அலுவலகத்தில் காத்திருக்கிற ஆளைப்போல, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். மதிய மணி அடித்தது, பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கூடத்துக்கு ஓடுகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிட்டுக் கத்துகிற சத்தம். அந்தச் சத்தத்தில் அங்காளீஸ்வரியும் எங்கேயோ இருப்பாள், காலையில் தன் பெயர் ஒற்றை எழுத்தாக ஒரு திரையில் நின்றதும் அழிந்ததும் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வேட்டி கட்டியவரின் மகளும் இருப்பாள், பெயர் பொன்னுத்தாய், சாயந்திரத்துக்குமேல் இந்தப் பள்ளிப் பட்டியலில் இருக்க மாட்டாள். இன்னொரு தடவை அந்த மனுஷனைப் பார்த்துப் பேச வேண்டும், நாளைக்கே, வீடு தேடிப் போய், அவர் கதவைச் சாத்தினாலும். கூடவே கண்ணுக்கு முன்னால் அந்த ஜவுளிக்கடைத் தெருவும் விரிந்தது, இனி சுற்றிக்கொண்டு போக முடியாது, தனித்தேர்வர் விண்ணப்பம் எடுத்துக்கொண்டு நேராகப் போக வேண்டும், அந்தப் பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், திட்டினால் திட்டட்டும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கையால் எழுதினாள். குறிப்பாணையில் கண்டுள்ளவாறு கடிதங்களைத் தட்டச்சு செய்ய மறுத்தது உண்மை. பெற்றோரிடம் கையெழுத்திட வேண்டாம் என்று கூறியதும் உண்மை. கடந்த நான்கு ஆண்டுகளில் இத்தகைய இருபத்துமூன்று கடிதங்களைத் தட்டச்சு செய்தது நானே என்பதும் உண்மை. வருந்துகிறேன் என்று ஒரு சொல் வரப்பார்த்தது, எதற்கு வருந்துகிறாள் என்று படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், அதை எழுதவில்லை. நகல் ஒன்று எடுத்தாள், இரண்டையும் கொண்டுபோய் மேசைக் கண்ணாடிமேல் வைத்தாள். ரெங்கநாயகி மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். படித்தார். மூன்றாவது வரியில் நின்று திரும்பவும் படித்தார். 'பட்டியல் நூத்திப் பதினொண்ணோட போகுது' என்றார், கண்ணை உயர்த்தாமல். 'மேல என்ன வந்தாலும் நீதான் பாத்துக்கணும், நான் உன் பக்கம் பேச மாட்டேன்.' 'சரிங்க மேடம்.' 'இதுக்கு மூணு நாள் டைம் இருக்கு வடிவு. வீட்டுக்காரர்ட்ட கலந்துக்க, நல்லா யோசிச்சு எழுதிக் குடு. இந்தக் கடைசி வரி வேண்டாம், உன் தலையில நீயே மண்ணள்ளிப் போடாத.' அந்தக் கடைசி வரி மேடத்தின் தலைக்கும் மேலே தாளாளரின் தலைவரைக்கும் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. வடிவு நகலை எடுத்து மேடம் பக்கமாகத் திருப்பி வைத்தாள். 'யோசிச்சிட்டேன் மேடம்' என்றாள். 'பெற்றுக்கொண்டேன்னு எழுதி, தேதி போட்டுக் குடுங்க.'